பெரிய பிட்டும் மாமாவின் தூக்கமும்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாக ஒட்டிய வீடுகளில், இரண்டுக்கு நடுவே ஒரே சுவர்தான். அந்தச் சுவரும் கூரையைத் தொடாது. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே போய், தகரத்துக்கு எட்டாமல் நின்றுவிடும். அந்த இடைவெளி வழியாகப் பக்கத்து வீட்டுக் கருவாட்டு வாசனை வரும், டிவி நாடகம் வரும், சண்டை வரும், சண்டை முடிந்த பிறகு சிரிப்பும் வரும். பிறந்ததிலிருந்து இப்படித்தான் என்பதால் யாருக்கும் இது ஒரு குறையாகத் தெரிவதில்லை. உப்பு தீர்ந்துவிட்டால் சுவருக்கு மேலாகக் கேட்போம். உப்பும் சுவருக்கு மேலாகவே வரும்.

அந்தச் சுவரில்தான் நான் என் மிஷினை அடித்து மாட்டினேன்.

சிஎன்சி மிஷின் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். விரித்த பேப்பர் அளவுக்கு ஒரு சட்டம். அதன் மேல் அங்குமிங்கும் நகரும் ஒரு சின்ன மோட்டார். மோட்டாரின் நுனியில் சுழல்கிற கத்திக்குப் பிட் என்று பெயர். லெப்டொப்பில் நான் வரைவதை அந்தப் பிட் மரத்தில் செதுக்கும். பள்ளியில் ஏ/எல் வகுப்பில் தொழில்நுட்பம் படித்துவிட்டு, ஹட்டன் டவுனில் ஒரு கடையில் போட்டோகொப்பி எடுத்துக்கொண்டும் கலியாணக் கார்டு அடித்துக்கொண்டும் இருக்கிற எனக்கு, வாரத்தில் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் உயிர் வரும். சாவிக்கொத்துக்கு மரத்துண்டு, பிள்ளைகள் பெயர்ப் பலகை, குருத்தோலை ஞாயிறுக்குச் சின்னச் சின்னச் சிலுவை என்று எதையாவது வெட்டிக்கொண்டே இருப்பேன். கை சும்மா இருந்தால் எனக்குத் தலை வலிக்கும்.

எங்கள் முன் காம்பரா, அதாவது முன்னறையின் தரை, கழுவி ஊற்ற வசதியாக வாசல் பக்கம் சரிந்திருக்கும். எந்த மேசையை வைத்தாலும் ஒரு கால் ஆடும். மேசை ஆடினால் வெட்டு கோணலாகும். அதனால் சுவரில் துளை போட்டு, இரும்புத் தாங்கி வைத்து, திருகாணி இறுக்கி, மேசைப் பலகையை அதன் மேல் நிறுத்தினேன். அன்றைக்கு என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். அம்மா மட்டும், "அந்தப் பக்கம் மாமா தலை வைக்கிற எடம்டி அது" என்றார். தெரியும் என்றேன். தெரியாமல் செய்தேன் என்று இப்போது எழுத முடிந்தால் எவ்வளவு நிம்மதியாக இருக்கும்.

பக்கத்து வீட்டு மாமா சொந்தக்காரர் இல்லை. ஆனால் மாமாதான். தேயிலை பெக்டரியில் ரோலர் அறையில் ராத்திரி வேலை. விடிந்த பிறகு வீட்டுக்கு வருவார், பிளேன்டீ குடிப்பார், முன் காம்பராவில் சுவரோரக் கட்டிலில் படுப்பார். மத்தியானம் தாண்டித்தான் எழும்புவார். கட்டிலுக்கு மேலே அதே சுவரில் அவர்களுடைய சாமித் தட்டு. முருகன் படம், விளக்கு, விபூதிக் கிண்ணம். இந்தப் பக்கம் என் மிஷின், அந்தப் பக்கம் முருகன், முருகனுக்குக் கீழே மாமா. நடுவில் ஒரு செங்கல் கனம்.

என்னிடம் இருந்ததெல்லாம் மிஷினோடு வந்த மெல்லிய பிட்கள், ஈர்க்குச்சிக்கு அண்ணன் மாதிரி. எழுத்து வெட்ட நல்லது. ஆனால் அது போடுகிற சத்தம் இருக்கிறதே, காதுக்குள் நுழைந்த வண்டு மாதிரி கீச்சென்று ஒரே சுருதியில் மணிக்கணக்காக ஓடும். மாமா ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. எப்போதாவது மிஷின் ஓடாத ஞாயிறு பின்னேரம் வாசல் திண்ணை இஸ்தோப்பில் என்னைப் பார்த்தால், "என்னா புள்ள, வண்டுக்கு இன்னைக்கி லீவா?" என்று கேட்பார். சிரித்துக்கொண்டுதான் கேட்பார். கண் மட்டும் சிவந்திருக்கும். நானும் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவேன். உள்ளே போனதும் ஏதோ ஒன்று நெஞ்சில் குத்தும். குத்தினாலும் அடுத்த ஞாயிறு பிளக்கைச் செருகுவேன்.

இந்த நேரத்தில்தான் அக்காவுக்குச் சம்பந்தம் கூடிவந்தது.

அக்கா என்றால் மாமாவின் ஒரே மகள். டவுனில் துணிக்கடையில் வேலை. நானும் அவளும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வருவோம். பொல்பிட்டியப் பக்கத்துப் பையன் ஒருவனை அவளுக்குப் பிடித்திருந்தது. வயரிங் வேலை செய்கிறவன், கடைக்கு வந்த இடத்தில் பழக்கம். மாமாவின் மனைவி அத்தைக்குச் சம்மதம். மாமாவுக்குத்தான் மனசு வரவில்லை. பையனில் குறை ஒன்றும் சொல்லவில்லை. "ரெண்டு பஸ் மாறிப் போய்ப் பாக்கணும்" என்பதை மட்டும் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா அழுதாள், சாப்பிடாமல் இருந்தாள், பிறகு பேசாமல் இருந்தாள். கடைசியில் மாமா ஒருமாதிரி தலையாட்டினார். மாப்பிள்ளை வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து பேசி முடிப்பதாக ஏற்பாடு.

அன்றைக்கு வெற்றிலை பாக்கு வைக்க மரத்தில் ஒரு தட்டு செய்து தருகிறேன் என்று நான்தான் வாய் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை. தேயிலைக்கு நிழலுக்காக நடுகிற சவுக்கு மரத்தில் பலகை ஒன்று கிடைத்திருந்தது, பால் நிறத்தில் மினுமினுப்பான ரேகையோடு. அதைப் பார்த்ததும் எனக்குத் தட்டு தெரிந்துவிட்டது.

தட்டு என்றால் நடுவில் குழி எடுக்க வேண்டும். ஈர்க்குச்சிப் பிட்டால் அவ்வளவு அகலக் குழி எடுப்பது, தேக்கரண்டியால் கிணறு வெட்டுகிற கதை. பிட் ஒவ்வொரு கோடாகப் போய்வந்து, பிறகு ஒரு தாள் கனம் இறங்கி, மறுபடியும் முதலிலிருந்து போய்வர வேண்டும். லெப்டொப் போட்ட கணக்கில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஓட வேண்டியிருந்தது. அவ்வளவு நேரமும் மாமா தலைக்குப் பக்கத்தில் வண்டு. அப்போதுதான் பெரிய பிட் வாங்கலாம் என்று தோன்றியது. பெரிய பிட் என்றால் சீக்கிரம் முடியும், சீக்கிரம் முடிந்தால் மாமா தூங்குவார். இதை எனக்கு நானே எத்தனை தடவை சொல்லிக்கொண்டேன் தெரியுமா? மாமாவுக்காகத்தான் வாங்குகிறேன் என்று. உண்மையில் பெரிய பிட் மரத்தைச் சீவித் தள்ளுகிற வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆசை ஏறியிருந்தது. மாமாவின் தூக்கம் அதற்கு ஒரு நல்ல சாக்கு.

டவுன் ஹாட்வெயார் கடையில் இருந்த பிட்களின் தண்டு கட்டைவிரல் கனம். என் மோட்டாரின் கவ்வி சுண்டுவிரலில் பாதியைத்தான் பிடிக்கும். அதனால் ஒன்லைனில் தேடினேன். ஆறு மில்லிமீட்டரில் இரண்டு பல் பிட் இருந்தது. என் மிஷினுக்கு அதுதான் சரி என்று அனுபவப்பட்டவர்கள் எல்லாரும் எழுதியிருந்தார்கள். அதற்குப் பக்கத்திலேயே இருபத்திரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் இன்னொன்று, மேலே என் கவ்விக்குப் பொருந்துகிற மெல்லிய தண்டோடு. பலகையின் மேற்பரப்பை மட்டப்படுத்துகிற பிட் அது. படத்தில் பார்க்கவே பூ விரிந்த மாதிரி இருந்தது. சின்ன மோட்டாருக்கு இது வேண்டாம் என்றும், இதற்கு நடுவில் பல் கிடையாது, அதனால் நேராக மரத்துக்குள் இறக்கக் கூடாது, பக்கவாட்டில் சரித்துத்தான் இறக்க வேண்டும் என்றும் கீழே எழுதியிருந்தார்கள். வாசித்தேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது, வாசித்தேன். வாசித்துவிட்டு, பயந்தவர்களுக்குச் சொல்கிற எச்சரிக்கை என்று மேலே தள்ளிவிட்டு, பெரியதை ஓர்டர் பண்ணினேன்.

லயத்து வீட்டுக்கு விலாசம் என்று தனியாக ஒன்று இல்லாததால் பார்சல் கடைக்குத்தான் வரும். அது வந்து சேர்ந்ததோ பேசி முடிக்கிற ஞாயிறுக்கு முந்தின நாள். பஸ்ஸில் அக்கா அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தாள். "இந்த வண்டு என்னா தடியா இருக்கு" என்றாள்.

ஞாயிறு காலை அம்மா மாதா கோயில் பூசைக்குக் கிளம்பினார். நான் வரவில்லை என்றேன், தட்டு முடிக்க வேண்டும். அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டே என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். கொழுந்து கூடின காலம், ஞாயிறும் அன்றன்றைக்கே கையில் தருகிற கைக்காசுக்குக் கொழுந்தெடுத்தார்கள். அதனால் லயத்தில் பாதிப் பேர் மலையில். பெக்டரிக்கும் ஓய்வில்லை. மாமா அன்றைக்கு வழக்கத்தைவிடத் தாமதமாகத்தான் வந்தார். சுவருக்கு மேலே கேட்டது: அத்தை தண்ணீர் சுட வைத்திருப்பதாகச் சொன்னார், மாமா முதலில் கொஞ்சம் படுக்கிறேன், அவர்கள் வருவதற்குள் எழுப்பிவிடு என்றார். கட்டில் கிரீச்சிட்டது. நான் பிட்டைக் கவ்வியில் மாட்டி, ஸ்பேனரால் இறுக்கிக்கொண்டிருந்தேன்.

கொஞ்சம் பொறுத்திருக்கலாம். அவர் எழும்பிய பிறகு ஓட்டியிருந்தால் தட்டு முடியாமல் போயிருக்கும், அவ்வளவுதானே. எவர்சில்வர் தட்டில் வெற்றிலை வைத்திருப்பார்கள். உலகத்தில் எல்லாரும் அப்படித்தான் வைக்கிறார்கள்.

மிஷினைப் போட்டேன். முதலில் லைட் மங்கி எரிந்தது. பெரிய பிட் கீச்சிடவில்லை, உறுமியது. எனக்கு அந்தச் சத்தம் பிடித்துக்கூட இருந்தது. பிறகு அது மரத்துக்குள் நேராக இறங்கியது. நடுவில் பல் இல்லாத இடம் மரத்தின் மேல் உட்கார்ந்து தேய்க்க, ஓரத்துப் பற்கள் பிடிக்க முடியாமல் அடிக்க, டொம் டொம் டொம் என்று உலக்கை போடுகிற மாதிரி ஒரு அடி. பலகை குதித்தது. மேசை குதித்தது. மேசை சுவரில் அல்லவா இருக்கிறது. நான் பிளக்கைப் பிடுங்குவதற்குள் அந்தப் பக்கம் ஏதோ விழுந்து கண்ணாடி நொறுங்குகிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. சவுக்கு கருகுகிற வாசனை மட்டும் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அத்தை, "முருகா" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை.

சாமி படம் உடைந்த வீட்டில் அன்றைக்கு நல்ல காரியம் பேசமாட்டார்கள். கண்ணாடித் துண்டுகளை ஓடுகிற தண்ணீரில் விட்டு, படத்துக்குப் புதுச் சட்டம் போட்டு, பூசாரி வந்து சூடம் காட்டிய பிறகுதான் எதுவும். எங்கள் சாமி வேறு என்றாலும், ஒரே சுவருக்குள் வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? சுவருக்கு மேலே மாமாவின் குரல் கேட்டது. போனைக் கொண்டுவா, அவர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றார். அக்கா, அவர்கள் வேன் பிடித்துக் கிளம்பி இந்நேரம் கினிகத்தேனை தாண்டியிருப்பார்கள் என்றாள். பெண் பேச வருகிறவர்களைப் பாதி வழியில் திருப்பி அனுப்பினால் அவர்கள் மறுபடியும் வருவார்களா? அது அவளுக்குத் தெரியும், மாமாவுக்கும் தெரியும்.

இஸ்தோப்பு வழியாக ஓடினேன். கையெல்லாம் மரத்தூள். மாமா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். தலையணையில் கண்ணாடிச் சில்லு. அவர் தலை இருந்த இடம். அவருக்கு ஒன்றும் படவில்லை, காதோரம் விபூதி மட்டும் கொட்டியிருந்தது. நல்லவேளை, விளக்கும் ஏற்றியிருக்கவில்லை.

நான்தான் என்றேன். அது சகுனமெல்லாம் இல்லை, என் மிஷின்தான், பெரிய பிட் போட்டேன், அது அடித்த அடியில் சுவர் ஆடிவிட்டது, வேண்டுமானால் மறுபடியும் ஓட்டிக் காட்டுகிறேன், சாமித் தட்டில் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்துப் பாருங்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை வந்தது. காரணம் தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்றுதானே எனக்குப் படிப்பித்திருக்கிறார்கள்.

மாமா பொறுமையாகக் கேட்டார். திட்டவே இல்லை.

"செவுரு ஆடித்தான் படம் விழுந்துச்சு. அது எனக்குந் தெரியுது புள்ள. இத்தன நாளா ஆடாத செவுரு, இன்னைக்கிப் பாத்து ஏன் ஆடுச்சு?"

ஏன் இன்றைக்கு என்றால், நான் இன்றைக்குத்தான் அவசரப்பட்டேன். அது சகுனத்தைவிட மோசமான பதில்.

வெளியே வந்தபோது அக்கா பின்னாலேயே வந்தாள். அன்றைக்கென்று வாங்கி வைத்திருந்த பச்சைச் சேலையை அப்போதே உடுத்தியிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அப்பா ஒரு சாக்குக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தாரு. நீ கொண்டாந்து கையில குடுத்துட்ட" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் போகிற பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கண்ணாடியைக் கூட்டி அள்ளிக்கொண்டு அத்தை வெளியே வந்தார். கொஞ்ச நேரம் தங்கள் வாசலைப் பார்த்தார், பிறகு எங்கள் வாசலைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, குரலை உயர்த்தாமலே சொன்னார்:

"இந்த வீட்டுலதானே பேசக் கூடாது. பக்கத்து வீட்டுல பேசுவோம்."

உள்ளேயிருந்து மாமா, "அது வேதக்காரங்க வீடு" என்றார்.

"இருக்கட்டுமே. அவங்க வீட்டுலயும் சாமிதான இருக்கு. அந்தப் படம் ஒண்ணும் விழலையே."

மாமா என்ன நினைத்தாரோ, பதில் சொல்லவில்லை. அத்தை அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, விளக்குமாற்றோடு நேராக எங்கள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டார்.

அம்மா பூசை முடிந்து வந்தபோது அத்தை எங்கள் காம்பராவில் மரத்தூள் கூட்டிக்கொண்டிருந்தார். அக்கா எங்கள் ஜன்னலுக்குத் திரை கட்டிக்கொண்டிருந்தாள். அம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். என்னைப் பார்த்து, "நீ மட்டும் பூசைக்கு வந்திருந்தா" என்று தொடங்கினார். முடிக்கவில்லை. முக்காட்டை மடித்து வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார்.

மிஷினைக் கழற்ற நேரமில்லை. அதன் மேல் அம்மாவின் பூப்போட்ட பெட்ஷீட்டைப் போர்த்தினோம். அது காம்பராவின் மூலையில் ஒட்டகம் படுத்திருக்கிற மாதிரி தெரிந்தது. தட்டு? தட்டு என்று எதுவும் இல்லை. நடுவில் கருகிய வட்டத் தழும்போடு ஒரு பலகைதான் இருந்தது. அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அக்கா குனிந்து எடுத்தாள்.

"இதுலயே வைக்கிறேன்" என்றாள். வேண்டாம் அக்கா என்றேன். "கருகுன எடத்த வெத்தில மூடிக்கும்" என்றாள். இன்னமும் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் பலகையின் விளிம்பைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வேன் வந்தது. மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, தாய்மாமன். வந்தவர்களிடம் அத்தையே சொல்லிவிட்டார், படம் விழுந்து உடைந்துவிட்டது, அதனால் பக்கத்து வீட்டில் வைத்திருக்கிறோம் என்று. மாப்பிள்ளையின் அம்மா தலையாட்டினார். நல்ல வேலை செய்தீர்கள் என்றுகூடச் சொன்னார். இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்தார்கள். மாமா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, மிஷினுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அம்மாவுக்குப் பின்னால் அடுப்படி வாசலில் நின்றேன். உட்கார எனக்கு மனம் வரவில்லை.

மழையைப் பற்றிப் பேசினார்கள், வட்டவளையில் ரோடு போடுவதைப் பற்றிப் பேசினார்கள். தாய்மாமன் தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். தை மாதத்தில் நாள் பார்க்கலாமா, பெண்ணின் அப்பா என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

எல்லாரும் மாமாவைப் பார்த்தோம். அவர் தலை நெஞ்சில் சாய்ந்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. தூங்கிக்கொண்டிருந்தார்.

அத்தை அவர் தோளைத் தொட்டு உலுக்கினார். மாமா கண்ணைத் திறந்து, "ம், ஆமா ஆமா" என்று குழறிவிட்டு, மறுபடியும் சாய்ந்தார். அந்தக் குழறலைக் கேட்டால் யாருக்கும் ஒன்றுதான் தோன்றும். தாய்மாமன் மாப்பிள்ளையின் அம்மா பக்கம் குனிந்து, வாயை மூடிக்கொண்டு ஏதோ சொன்னார். அந்த அம்மாவின் முகம் மாறியது. கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். தாய்மாமன் என்ன கேட்டார் என்று அடுப்படி வாசலில் நின்ற எனக்கே புரிந்துவிட்டது. லயத்துக்காரர்களைப் பற்றிச் சொல்லாமலே கேட்கிற கேள்விதான் அது. அக்கா வெற்றிலைப் பலகையோடு அசையாமல் நின்றாள்.

"குடி இல்லீங்க" என்றேன்.

அம்மா திரும்பிப் பார்த்தார். பெரியவர்கள் பேசுகிற இடத்தில் நான் வாயைத் திறப்பது வழக்கமில்லை. ஆனால் நிறுத்தவில்லை.

"மாமா ராத்திரி முழுக்கப் பெக்டரியில நின்னுட்டு வந்தாரு. காலையில தூங்கட்டும்னு விடல. நான்தான் விடல. அந்தப் படத்த விழுத்தாட்டுனதும் நான்தான்." பெட்ஷீட்டை இழுத்துவிட்டேன். மிஷின் வெளியே தெரிந்தது, அந்தப் பெரிய பிட் இன்னும் கவ்வியிலேயே, கருகிப்போய். "இதுதான். இந்தச் செவுருலதான் அடிச்சு வச்சிருக்கேன். அந்தப் பக்கம் அவரு தலகாணி. இன்னைக்கி மட்டும் இல்ல. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் இப்பிடித்தான். ஒருநாளும் அவரு ஒண்ணுஞ் சொன்னதில்ல."

மாப்பிள்ளை எழும்பி வந்து பிட்டைக் குனிந்து பார்த்தார், வயரிங்காரருக்கு அந்த நேரத்திலும் ஆர்வம். அவருடைய அப்பாதான் முதலில் அசைந்தார். மெலிந்த மனிதர், அதுவரை அதிகம் பேசாதவர். பொல்பிட்டியில் கரண்ட் எடுக்கிற இடத்தில் ராத்திரிக் காவல் பார்த்தவராம். அவர் மாமாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தாய்மாமன் பக்கம் திரும்பி, உதட்டில் விரல் வைத்தார்.

"எழுப்பாதீங்க" என்றார் மெல்லிய குரலில். "பகல்ல தூங்குறவன எழுப்புனா அந்த நாளே போச்சு."

அதற்குப் பிறகு எல்லாம் கிசுகிசுப்பில்தான் நடந்தது. தை மாதம், கோயில், இந்தப் பக்கம் எத்தனை பேர், அந்தப் பக்கம் எத்தனை பேர் என்று நாலைந்து தலைகள் ஒன்றாகக் குனிந்து முணுமுணுத்தன. அம்மா வடைத் தட்டைக் கீழே வைக்கும்போது சத்தம் வராமல் வைத்தார். பக்கத்து லயத்துப் பிள்ளைகள் வேனைச் சுற்றிக் கத்தினபோது தாய்மாமனே வாசலுக்குப் போய் அவர்களை விரட்டிவிட்டு வந்தார். சந்தேகப்பட்டதற்கு அவர் செய்த பரிகாரம் அது என்று நினைக்கிறேன். எனக்கு அப்படி எதுவும் செய்யக் கிடைக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு மாமா மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மிஷின் வந்ததிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் இப்படி நிம்மதியாகத் தூங்கினது இதுதான் முதல் தடவையாக இருக்கும், அதுவும் என் மிஷினுக்குப் பக்கத்திலேயே.

பேச வேண்டியதெல்லாம் தீர்ந்துவிட்டது. பெண்ணின் அப்பா வாயால் ஒரு சொல் வர வேண்டும், அதுதான் பாக்கி. அதனால் எல்லாரும் காத்திருந்தார்கள். பேசவும் முடியாமல், போகவும் முடியாமல், முகத்தை முகம் பார்த்துக்கொண்டு. வெளியே பனி இறங்கி வேனை மறைத்தது.

மாமா தானாகத்தான் விழித்தார். வாயோரத்தைத் துடைத்தார். எதிரே இருந்த திருஇருதயப் படத்தைப் பார்த்து ஒரு கணம் எங்கே இருக்கிறோம் என்று விளங்காமல் திகைத்தார். பிறகு வரிசையாக உட்கார்ந்திருந்த முகங்களைப் பார்த்தார். பலகையை ஏந்திக்கொண்டு இன்னமும் நின்ற மகளைப் பார்த்தார். நடந்தது அவருக்குப் புரிய நேரம் எடுத்தது. புரிந்ததும் காதுமடல்வரை சிவந்துபோனார்.

மாப்பிள்ளையின் அப்பா அதே மெல்லிய குரலில், "என்னங்க சொல்றீங்க?" என்று கேட்டார்.

"நீங்க சத்தமாவே பேசுங்க. நான் முழிச்சுக்கிட்டேன்" என்றார் மாமா. "இவ்வளவு நேரமா எனக்காகப் பேசாம இருந்திருக்கீங்க. எம்புள்ளையையும் இப்பிடித்தான் பாத்துக்குவீங்கன்னு நெனைக்கிறேன். எனக்குச் சம்மதம்." அதோடு நிறுத்தாமல் மிஷினைத் திரும்பிப் பார்த்தார். "ஒண்ணு மட்டுங் கேக்கணும். உங்க வீட்டுல இந்த மாதிரி மிஷின் ஏதும் இருக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாகூடச் சிரித்தார். அக்கா சிரிப்பும் அழுகையுமாகப் பலகையை நீட்ட, மாப்பிள்ளையின் அம்மா வெற்றிலையை எடுத்தார். இலைக்கு அடியில் கருகிய வட்டம் தெரிந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிக்க உரிமை இருக்கிற மாதிரித் தோன்றவில்லை.

அவர்கள் போன பிறகு அக்கா வந்து என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். வலிக்கிற மாதிரிதான் வைத்தாள். அதில் கொஞ்சம் ஆறுதல் இருந்தது.

அன்றைக்கும் மாமாவுக்கு ராத்திரி வேலை. கிளம்புவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் படுத்து எழும்புகிறேன் என்று அத்தையிடம் சொல்வது சுவருக்கு மேலே கேட்டது. கட்டில் கிரீச்சிட்டது. சாமித் தட்டில் படம் இருந்த இடம் வெறுமையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் பெரிய பிட்டைக் கழற்றிப் பழைய பிஸ்கட் டின்னில் போட்டேன். பிறகு மேசையைச் சுவரிலிருந்து பிரிக்கத் தொடங்கினேன். ட்ரில்லை எடுக்கவில்லை. கையால், ஸ்க்ரூ டிரைவரால், ஒவ்வொரு திருகாணியாக, காது கொடுத்துக்கொண்டே திருகினேன். ஒன்று வந்தது, இன்னொன்று வந்தது. கடைசித் திருகாணி மட்டும் நன்றாக இறுகியிருந்தது, நானே இறுக்கியதுதான். அரைத் திருகலுக்கு அது ஒரு கீச்சுச் சத்தம் போட்டது. அந்தப் பக்கம் மாமா இருமினார். உடனே கையை எடுத்துவிட்டேன். அவர் எழும்பி, பிளேன்டீ குடித்து, பெக்டரிக்குக் கிளம்புகிற செருப்புச் சத்தம் இஸ்தோப்பைத் தாண்டும்வரை, ஸ்க்ரூ டிரைவரை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.